கணவாய்ப் படத்துக்கு விழுந்த கைதட்டல்

சார்ஜன்டின் பெருவிரல் பட்டனின் மேல் இருந்தது. நகத்தின் ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

மண் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மேசை. மேசையில் என் கைப்பைக்குள் இருந்த எல்லாம் பரப்பிக் கிடந்தன: ஸ்க்ரூ டிரைவர், கறுப்பு டேப், சீப்பு, அதன் கீழே டிக்கட் துண்டு, பாதி தின்ற கடலைச் சுருள், அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. நடுவில், கைக்கு அடக்கமான கசெட் ரெக்கோடர்.

“மொகத மே?” என்றார். இது என்ன?

“டேப் ரெக்கோடர், மாத்தயா,” என்றேன், ஐயா என்ற மரியாதையோடு.

“அது தெரியும் நங்கி. உள்ளுக்கு என்னா இரிக்கி?”

நங்கி, அதாவது தங்கை, என்றதைத் தவிர தமிழில்தான் கேட்டார். புறக்கோட்டைக் கடைக்காரர்களிடம் பழகி எடுத்த தமிழ். தமிழ் விளங்கும் சார்ஜன்டிடம் அகப்படுவதை அதிர்ஷ்டம் என்று நினைத்த நாட்கள் உண்டு. அன்று அப்படியல்ல.

“படம் பாத்த ஆக்கள்ட அபிப்பிராயம், மாத்தயா.”

அது பொய்யில்லை. ஆனால் அந்த அபிப்பிராயங்களில் பல தமிழ்க் குரல்கள் ஒரு வெடிச்சத்தத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தன. ‘நெஞ்சு குலுங்கிச்சு’ என்றன. ‘இன்னொருக்காக் கேக்கலாம்’ என்றன. அன்று பிற்பகல்தான் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. எங்கே என்று இங்கு எழுதப் போவதில்லை. இந்த வருடங்களில் கொழும்பில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் போட்டு வாசித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பக்கத்தில் மலர் அக்கா நின்றாள். அவளுடைய முழங்கை என் முழங்கையில் ஒட்டியிருந்தது. சார்ஜன்ட் பட்டனை அமத்தினார்.

சனம் சொன்னால் சாட்சி

போன வாரம் இந்தப் பத்தியில் குணா அண்ணையின் கடையைப் பற்றி எழுதியதும், அவர் இன்னமும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் சோல்டரிங் அயனைக் கொழுவி வைக்கிறாரா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஓம், வைக்கிறார். ஊதுபத்தியையும் அதிலேதான் பற்ற வைக்கிறார்.

வெள்ளவத்தையில் அம்பிளிபயர் திருத்துகிற கடை அது. தொழில்நுட்பக் கல்லூரி முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். “பொம்பிளைப் பிள்ளை ஏணியில ஏறுவியா?” என்று கேட்டார். ஏறினேன். வேறு கேள்வி கேட்கவில்லை.

அந்த வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய படமாளிகைக்குப் புது ஒலி அமைப்புப் போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. திரைக்குப் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர்கள். தாழ்ந்த ஒலிக்கென்று தனியாக இரண்டு பெட்டி. ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு அலுமாரி அளவு. வயர் இழுத்ததில் பாதி நான். வேலை முடிந்ததும் அண்ணைக்கு ஓர் ஆசை வந்தது. வானொலி விளம்பரத்தில் ரசிகர்களின் சொந்தக் குரலைப் போடவேண்டும்.

“நான் சொன்னா விளம்பரம், பிள்ளை. சனம் சொன்னா சாட்சி. படத்தைப் பற்றிக் கேளாத. சத்தத்தைப் பற்றிக் கேள்.”

இந்த ரெக்கோடர் என் கைக்கு வந்தது அப்படித்தான். ஒரு பெண்பிள்ளை தனியாகப் படமாளிகைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு வர, வங்கியில் வேலை செய்கிற அக்கா சனிக்கிழமை மட்டினி காட்சிக்குத் துணைக்கு வந்தாள். துணை என்பது சாட்டு. அவளுக்குப் பேய்ப் படம் என்றால் சோறு வேண்டாம்.

கரண்ட் குடிக்கும் கணவாய்

படத்தைச் சொல்லவேண்டும். ஓர் ஆங்கிலப் படம். விண்வெளியிலிருந்து ஒரு கணவாய் மீன் கடலில் விழுகிறது. கடலுக்கடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். கணவாய் அங்குள்ள மின்சாரத்தைக் குடித்துக் குடித்து வளர்கிறது. கதாநாயகனுக்கு எந்தக் காட்சியிலும் சட்டை முழுதாக இல்லை. கதாநாயகி வைத்தியர். ஆனால் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை, ஓடுகிறாள். கணவாயின் ஒரு கையில் தையல் தெரிந்தது.

ஒலி மட்டத்தைச் சரிபார்ப்பதற்காக நான் இதைப் பல தடவை பார்த்திருந்தேன். எங்கே அலறல், எங்கே சுடுதல், எங்கே வெறும் தண்ணீர்ச் சத்தம் என்று வரிசையாகச் சொல்லுவேன். வரிசை போடாமல் எனக்கு எதுவும் மனதில் நிற்காது.

இடைவேளையில் கடலைக்காரனுக்குப் பக்கத்தில் நின்று மைக்கை நீட்டினேன்.

முதலில் மட்டக்குளியிலிருந்து வந்த ஒரு மீனவர். “தங்கச்சி, அது கணவாயா? கணவாய்க்குப் பல்லு எங்க இருக்கு? வெள்ளக்காரன் கணவாயக் கண்டதே இல்ல போல. எங்க பக்கம் அனுப்பச் சொல்லுங்க. துப்பாக்கி எல்லாம் வேணாம். எங்க மச்சான் வெறுங்கையால பிடிச்சிருவான். பொழுதுபட முந்திப் பிரட்டல் கறி.”

“சவுண்ட் எப்பிடி அண்ணா?”

“சவுண்டா? இருந்திச்சு.”

பிறகு ஜிந்துப்பிட்டியிலிருந்து இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: “அந்தப் புள்ள தண்ணிக்குள்ளயே நீந்தி வருது, லிப்ஸ்டிக் அழியவே இல்லீங்களே. அது என்னா லிப்ஸ்டிக்குன்னு கேட்டுச் சொல்லுங்க.”

மற்றவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். “இவ லிப்ஸ்டிக் பாக்கத்தாங்க வந்தா. எனக்கு ஒரு டவுட்டு. கரண்டக் குடிக்கிற சனியன் எங்க லயினுக்கும் வந்திருக்கும்போல. தெனமும் லைட்டு போகுது.”

கழுத்துப்பட்டி கட்டி, அலுவலகப் பையோடு நின்ற ஒரு கந்தோர்க்காரர் தொண்டையைச் செருமினார். “இது விஞ்ஞானத்துக்கு மாறான கற்பனை. எழுதிக்கொள்ளுங்கோ. கரண்டைக் குடிச்சா அது அந்த இடத்திலயே செத்திருக்கும்.”

“செத்தா பிறகு எப்பிடி அங்கிள் படம் ஓடுறது?” என்றாள் அக்கா பின்னாலிருந்து.

சத்தத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. குணா அண்ணைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓப்பரேட்டரின் அறைக்கு ஏறினேன். அக்கா பல்கனிக்குப் போனாள்.

பச்சை விளக்கு

ஓப்பரேட்டரின் அறையில்தான் எங்கள் அம்பிளிபயர் இருந்தது. அதன் முகத்தில் ஒரு வரிசை விளக்குகள். சத்தம் ஏற ஏறப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறும். படம் ஓடும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. சிவப்பில் நின்றால் குறைக்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் ஒரு காட்சி. நிலையம் முழுக்க இருட்டு. கதாநாயகி மெல்ல நடந்து குளிர்சாதனப் பெட்டிக்கு வருகிறாள். உள்ளே கணவாயின் முட்டைகள் இருப்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பெட்டியின் இரைச்சல் மாத்திரம். கைப்பிடியில் கை வைக்கிறாள்.

தரை எழும்பியது.

சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது போல் இருந்தது. ஆழமான ஒரே அடி. ஓப்பரேட்டரின் தேநீர்க் கோப்பை தட்டில் ஒரு பக்கம் நகர்ந்தது. கூரைத் தகட்டிலிருந்து தூசி, புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குள் இறங்கியது.

நான் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையில் இரண்டே இரண்டு. அதைத் தாண்டவில்லை.

எங்கள் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வரவில்லை. அந்தக் காட்சியில் அப்படி ஒரு சத்தமும் இல்லை.

அடுத்து நடந்ததுதான் இன்றைக்கும் என்னால் ஆறுதலாக எழுத முடியாதது. சபை கை தட்டியது. ஒரு கணம் மூச்சே இல்லாமல் இருந்த மண்டபம், ஒரேயடியாகத் தட்டியது. கீழே விசில் பறந்தது. யாரோ “வன்ஸ் மோர்!” என்று கத்தினான். புரொஜெக்டருக்குப் பக்கத்துத் துவாரத்தால் பார்த்தேன். பல்கனியின் முன் வரிசையில் என் அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பெண் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அப்போதுதான் அலறினாள்.

ஓப்பரேட்டர் என்னைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

மனேஜர் பீற்றர் ஐயா படியேறி ஓடி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. “வெளியில புகை தெரியுது. கொஞ்சம் தூரம்தான். படத்தை நிப்பாட்டாதீங்க.”

“சனத்துக்குச் சொல்ல வேண்டாமா ஐயா?” என்றேன்.

“இருட்டுக்குள்ளயா? லைட்டப் போட்டு விஷயத்தச் சொன்னா எல்லாரும் கீழ் வாசலுக்கு ஓடுவாங்க. அந்த வாசல் எவ்வளவு ஒடுக்கம்னு நீங்கதான் பாத்தீங்களே, ஸ்பீக்கர் ஏத்துறப்போ. மிச்சப் படம் கொஞ்சம்தான். முடியட்டும். முன் மண்டபத்தில கேற்றச் சாத்தி வச்சு, ரோட்டு நெலமை பாத்துட்டு, நானே சொல்றேன்.” பிறகு என் தோளில் தொங்கிய ரெக்கோடரைப் பார்த்தார். “மகள், நீங்க கீழ போய் அபிப்பிராயம் கேளுங்க. கதைச்சிட்டு நிண்டாத்தான் சனம் தள்ளாது.”

இதுவரை அதைவிடப் பிரயோசனமாக அந்த மெஷினை நான் பாவித்ததில்லை. அதைவிடக் கொடுமையாகவும்தான்.

எல்லாரும் சத்தத்தைப் பற்றியே சொன்னார்கள்

கணவாய் செத்தது. கதாநாயகனின் கடைசிச் சட்டையும் கிழிந்தது. சனம் சிரித்துக்கொண்டே முன் மண்டபத்துக்கு வந்து, சாத்தியிருந்த கேற்றுக்கு இப்பால் நின்றது. நான் மைக்கை நீட்டினேன். 

“தங்கச்சி, கணவாய் கெடக்கட்டும்,” என்றார் மட்டக்குளி மீனவர். “அந்தப் பிரிஜ்ஜுக்கிட்ட ஒரு வெடி வச்சான் பாருங்க. நெஞ்சு குலுங்கிச்சு. காசு அதுக்கே சரி.”

லிப்ஸ்டிக் கேட்ட பெண் கன்னத்தில் கை வைத்தாள். “ஆத்தாடி! சீட்டே ஆடிச்சுங்க. இன்னொருக்காக் கேக்கலாம்.”

கந்தோர்க்காரர்கூட விட்டுக்கொடுத்தார். “சத்தம் தத்ரூபம். உண்மையான வெடி தோத்துது. இதை எழுதிக்கொள்ளுங்கோ.”

ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். இடைவேளையில் ஒரு சொல் கிடைக்காதா என்று நான் ஏங்கிய அபிப்பிராயம், இப்போது கேட்காமலே கொட்டியது. “ஓம்,” என்றேன். “நன்றி அண்ணா,” என்றேன். கல்லூரியில் எங்களுக்கு இதற்கெல்லாம் பயிற்சி தரவில்லை.

கடைசியாக ஒரு சிங்களத் தகப்பன், தோளில் சின்ன மகளுடன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். என் கண் பீற்றர் ஐயா மீது இருந்தது. அவர் கேற்றடியில் யாருடனோ பேசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். தகப்பன் சொன்னது என் காதில் விழவில்லை. மெஷின் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பீற்றர் ஐயா கதிரையில் ஏறினார். இரண்டு மொழியிலும் சொன்னார். நீங்கள் நடுவில் கேட்டது படத்தின் சத்தம் இல்லை. தள்ளாதீர்கள். கேற்றைத் திறக்கிறோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

ஒருவரும் தள்ளவில்லை.  மீனவர் தன் இரண்டு கைகளையும் கமக்கட்டுக்குள் ஒளித்துக்கொண்டார். அப்படியே, கைகளை வெளியே எடுக்காமலே, கேற்றைத் தாண்டி வீதிக்கு இறங்கினார்.

ஒரு பிழையான திட்டம்

பஸ் இல்லை. ஜிந்துப்பிட்டிப் பக்கமாக நடந்தோம். வீதி திரும்புகிற இடத்தில், தூரத்தில் சோதனைச் சாவடி தெரிந்தபோதுதான் அக்கா நின்றாள்.

“உந்தக் கசெட்டில என்ன கிடக்கெண்டு யோசிச்சனியா?”

அதுவரை யோசிக்கவில்லை. அப்போது யோசித்தேன். 

“அழி,” என்றாள்.

“அழிக்கிறதெண்டா பதிஞ்ச அளவு நேரம் ஓடவிடோணும்.”

“எறி.”

“இண்டைக்கு ரோட்டில ஒரு தமிழ்ப் பொம்பிளை கறுப்பா ஒரு சாமானை எறிஞ்சா என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?”

அவளுக்குத் தெரியும். திரும்பிப் போகவும் முடியாது. சாவடியைக் கண்டு திரும்புகிறவர்களைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஆகவே என் தொழில்நுட்ப மூளை ஒரு வழி சொன்னது. பூட்டிய கடை ஒன்றின் தட்டிக்கு அருகில் நின்று கசெட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றினேன். போட்டுப் பார்த்தால் முதலில் இடைவேளைப் பேச்சுத்தான் வரும். கணவாய், லிப்ஸ்டிக், கந்தோர்க்காரர். வேலைக்களைப்பில் நிற்கிற ஒரு பொலிஸ்காரர் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

நல்ல திட்டம். அது சிரிப்பாக இருக்கும் என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

சார்ஜன்ட் மீனவரின் பேச்சில் முதலில் மூக்கால் சிரித்தார். “வெறுங்கையால பிடிச்சிருவான்” என்றபோது வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் துப்பாக்கியோடு நின்ற பொலிஸ்காரரைக் கூப்பிட்டு அதைச் சிங்களத்தில் சொன்னார். லிப்ஸ்டிக்குக்கு மேசையைத் தட்டினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. அவர் நிறுத்தவில்லை. அந்த நாளில் அவருக்குக் கிடைத்த முதல் சிரிப்பாக இருந்திருக்கவேண்டும்.

“போதும் மாத்தயா, இனி எல்லாம் இதேதான்,” என்றேன்.

“இரி நங்கி, இரி. நல்லா இரிக்கி.”

கசெட்டில் ஒரு ‘டக்’. இடைவேளை முடிந்து மறுபடி பதியத் தொடங்கிய இடம்.

*அந்தப் பிரிஜ்ஜுக்கிட்ட ஒரு வெடி வச்சான் பாருங்க.*

சார்ஜன்டின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. போகவில்லை, ஆனால் அது இனிச் சிரிப்பில்லை.

*சீட்டே ஆடிச்சுங்க. இன்னொருக்காக் கேக்கலாம். உண்மையான வெடி தோத்துது.*

“இது எப்ப பதிஞ்சது?”

“இண்டைக்கு. பின்னேரம்.” பொய் சொல்லி என்ன பயன்? டிக்கட் துண்டு என் சீப்புக்குக் கீழே கிடந்தது.

“எந்த வெடிய சொல்றது?”

நான் சொல்லத் தொடங்கினேன். ஸ்பீக்கர், குளிர்சாதனப் பெட்டி, பச்சை விளக்கு. என் சிங்களம் கல்லூரியில் பாடம் கேட்கப் போதுமானது. உயிரைக் காப்பாற்றப் போதவில்லை. துப்பாக்கிக்காரர் எங்களுக்குக் கிட்ட வந்து நின்றார். தெருவோரத்தில் ஏற்கெனவே சிலர் குந்தி இருத்தப்பட்டிருந்தார்கள். நாங்களும் அங்கே போய்க் குந்தப் போகிறோம், பிறகு ஒரு வாகனம் வரும் என்று எனக்கு விளங்கியது. இன்று இரவு அம்மா வீட்டுக் கதவைச் சாத்தமாட்டா என்பதும்.

அப்போது மெஷினுக்குள்ளிருந்து சிங்களம் வந்தது.

“அம்மோ நங்கி, மம ஹித்துவே அத்தட்டம கியலா…”

தோளில் மகளைச் சுமந்த தகப்பன். என் காதில் விழாமல் போனதை இப்போதுதான் நானும் கேட்டேன். உண்மையான குண்டு என்றுதான் முதலில் நினைத்தாராம். மகளை இழுத்து மடிக்குள் அமத்தி, அவளுடைய காதைப் பொத்தினாராம். பிறகு சுற்றிவர எல்லாரும் கை தட்டுகிற சத்தம் கேட்டதாம். ஓ, படம்தான் என்று விளங்கியதாம். இவ்வளவு காலத்தில் அப்படி ஒரு சத்தம் வெறும் படமாக இருந்தது இதுதான் முதல் தடவையாம். அந்தச் சந்தோஷத்தில் அவரும் தட்டினாராம், மகளையும் தட்டச் சொன்னாராம். மகள் மைக்குக்குள் ‘டப்’ என்று சொல்லிச் சிரித்தது கேட்டது.

அதோடு கசெட்டில் ஒன்றும் இல்லை. இரைச்சல். சார்ஜன்ட் அந்த இரைச்சலையும் கொஞ்ச நேரம் கேட்டார்.

“இவன் பொறகு தெரிஞ்சுகொண்டானா?”

“ஓம் மாத்தயா. அந்த இடத்திலயே மனேஜர் சொன்னவர்.”

“நீ கை தட்டினதா?”

“இல்லை,” என்றேன். உண்மை. காப்பாற்றக்கூடிய பதில் என்றும் பட்டது.

“மமத் அத்புடி கெஹுவா, மாத்தயா,” என்றாள் அக்கா.

‘நானும் கை தட்டினேன், ஐயா’ என்று பொருள். கேட்காத கேள்விக்கு, நடுங்காத குரலில். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவே பயந்தேன்.

சார்ஜன்ட் அவளைப் பார்த்தார். பிறகு மேசைச் சாமான்களை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினார். சீப்பு. ஸ்க்ரூ டிரைவர். கடலைச் சுருள்.

“நான் இங்கதான் நிண்டது,” என்றார். “இடிதான் எண்டு நெனச்சது. வானத்தப் பாத்தது. ஒரு மேகம் இல்ல.”

கடைசியாக ரெக்கோடரைத் தந்தார்.

“யன்ன.”

போனோம்.

டயர்

திங்கட்கிழமை குணா அண்ணை கசெட்டை முழுதாகக் கேட்டார். சோல்டரிங் அயன் சூடாகிக்கொண்டே இருந்தது, அவர் தொடவில்லை. “விடு பிள்ளை,” என்றார். விளம்பரம் போகவில்லை. அந்தக் கசெட்டின் மேல் கோயில் நாதஸ்வரம் பதிந்துவிட்டார். அது இன்றும் கடையில் காலையில் பாடுகிறது.

அந்தத் தகப்பன் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அன்று எங்கே இருந்தாய், முதலில் என்னவென்று நினைத்தாய் என்று கண்டவர்களிடம் கேட்பேன். டயர் என்றார்கள். கலியாண வீட்டு வெடி என்றார்கள். துறைமுகத்தில் ஏதோ விழுந்தது, காஸ் சிலிண்டர், மேல் வீட்டுக்காரர் கட்டில் இழுக்கிறார். குண்டு என்று முதலிலேயே நினைத்தவர் அநேகமாக இல்லை. குண்டு இல்லை என்று நம்ப எல்லாருக்கும் ஒரு கணம் கிடைத்திருந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்தச் சத்தம் எது என்று எனக்கு உடனே தெரியும் என்பது வீட்டில் தெரிந்துபோயிற்று. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீடு நகரத்துப் பெருந்தெருவான காலி வீதிக்குப் பக்கம், சத்தங்களுக்குக் குறைவில்லை. ஏதாவது பெரிதாகக் கேட்டால், அம்மா அகப்பையைக் கையில் வைத்தபடி நின்றுவிடுவா. மலர் அக்கா பேப்பரை மடியில் போடுவாள். இரண்டு பேரும் யன்னலைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

போன கிழமையும் கேட்டது. யன்னல் கண்ணாடி மெல்லக் கிணுகிணுத்தது. தரை என்ன சொன்னது என்று என் பாதத்துக்குத் தெரியும்.

“என்ன பிள்ளை?” என்றா அம்மா.

“டயர்,” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பேப்பரை எடுத்து மறுபக்கம் புரட்டினாள்.